அரசாங்கத்துக்கு எதற்கு டிசைனர்?

கேள்வி, ஜனவரி 6
அக்கா, நீங்கள் நெதர்லாந்தில் அரசாங்க அலுவலகங்களுக்கு டிசைன் வேலை பார்ப்பதாக ஒருமுறை சொன்னீர்கள். ஐரோப்பாவில் இப்போது கொள்கை வகுக்கிற மேசையிலேயே டிசைனர்களை உட்கார வைக்கிறார்களாம், நிலைமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிற அரசாம். எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டத்தை வக்கீல் எழுதுவார், பணத்தை நிதித்துறை ஒதுக்கும், எல்லாம் முடிந்தபிறகு உங்களைக் கூப்பிட்டு லோகோ போடச் சொல்வார்கள். கட்டி முடித்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலைக்கு இவ்வளவு பெரிய பேரா? தப்பென்றால் ஒரு உதாரணம் காட்டுங்கள். ஒன்று போதும்.

ஜனவரி 6, இரவு 11.15
பாதி சரி. நான் இந்த வேலைக்கு வந்த முதல் மூன்று வருடம் சுண்ணாம்புதான் அடித்தேன்.

ஒரு சின்ன நகராட்சி, பெயர் வேண்டாம். உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குப் போகிற கடிதம் யாருக்கும் புரியவில்லை, போன் ஓயாமல் அடிக்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்றார்கள். மூன்று பக்கக் கடிதம். முதல் பத்தி முழுக்கச் சட்டப்பிரிவு எண்கள். உண்மையில் கேட்கிற விஷயம், அதாவது சம்பளச் சீட்டை இரண்டு வாரத்துக்குள் அனுப்பு என்பது, இரண்டாம் பக்கத்தின் நடுவில் பதுங்கிக் கிடந்தது. ஒரே பக்கமாக்கினேன், கேட்பதை மேலே தூக்கி வைத்தேன், தேதியைத் தடித்த எழுத்தில் போட்டேன். எல்லோருக்கும் சந்தோஷம், கேக் வெட்டினோம். (இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் கேக்.)

அப்புறம் அந்தக் கடிதம் வாங்குகிற ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அறுபது வயது இருக்கும், பகுதிநேரமாகத் துப்புரவு வேலை. சமையலறை மேசையில் ஒரு நீலநிற பிஸ்கட் டப்பா. திறந்து காட்டினார், உள்ளே முழுக்கப் பிரிக்காத தபால் உறைகள். நான் வடிவமைத்த கடிதமும் அதில் இருந்தது, அதுவும் பிரிக்காமல். வெண்ணெய் தடவுகிற கத்தியால் கிழித்துப் படித்தார். நன்றாகவே புரிந்தது அவருக்கு. படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இன்றைக்கு ஐந்தாம் தேதி, இரண்டு வாரத்தில் அனுப்பு என்கிறீர்கள். என் சம்பளச் சீட்டு மாதக் கடைசியில்தானே வரும்?"

என்னிடம் பதில் இல்லை, காபியைக் குடித்தேன். அலுவலகத்துக்குத் திரும்பி நகராட்சி வக்கீலிடம் கேட்டேன். "அது விதியில் இருக்கிறது. உங்கள் வேலை கடிதம்" என்றார். நீங்கள் கேட்டிருப்பதும் அதுதான் தம்பி, அவர் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

ஜனவரி 7, காலை
உதாரணம் கேட்டீர்கள். ஸ்டாக்ஹோம்.

2006 ஜனவரி 3 முதல் நகரத்தின் நடுப்பகுதிக்குள் நுழைகிற, வெளியேறுகிற கார்களுக்குக் கட்டணம் வந்தது. நேரத்தைப் பொறுத்து 10, 15 அல்லது 20 குரோனர், ஒரு நாளில் எத்தனை தடவை போய்வந்தாலும் 60-க்கு மேல் கிடையாது. தொடங்குவதற்கு முன்பு பெரும்பாலான மக்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டம் பிறக்கும்போதே முடிவு தேதியையும் கையில் எடுத்துக்கொண்டுதான் பிறந்தது: ஜூலை 31-ல் நின்றுவிடும், செப்டம்பரில் மக்கள் வாக்கெடுப்பு. எல்லையைக் கடக்கிற வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தெரு காலியாக இருப்பதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆகஸ்டில் கட்டணம் நின்றதும் கார்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது, அதையும் பார்த்தார்கள். அப்புறம்தான் ஓட்டுப்போடப் போனார்கள். நகரவாசிகளில் பாதிக்குமேல் "வேண்டும்" என்றார்கள். 2007 ஆகஸ்டிலிருந்து நிரந்தரம்.

இதில் டிசைனர் எங்கே என்று கேட்பீர்கள். அந்தப் பெயரில் யாரையும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியாது. ஆனால் நல்ல தையற்காரர் என்ன செய்வார்? முதலில் நூலோட்டி, போட்டுப் பார்க்கச் சொல்லி, அக்குளில் பிடிக்கிறதா என்று கேட்டு, அப்புறம்தானே மெஷினில் ஓட்டுவார். அரசாங்கங்கள் வழக்கமாக எடுத்த எடுப்பிலேயே மெஷினில் ஓட்டிவிட்டு, சட்டை சிறியதாக இருந்தால் உன் உடம்பைக் குறை என்பார்கள்.

ஜனவரி 7, இரவு
காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன், ரொம்ப வழுவழுவென்று இருக்கிறது. விட்டதைச் சொல்லிவிடுகிறேன். நகரத்தைச் சுற்றியுள்ள நகராட்சிகளில் 14 தனியாக வாக்கெடுப்பு நடத்தின, அங்கே மொத்தத்தில் "வேண்டாம்" என்பதுதான் முடிவு. கார் ஓட்டிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் அவர்கள்தானே. அதே செப்டம்பரில் தேசத் தேர்தலில் ஆட்சியும் மாறியது. புதிதாக வந்த கூட்டணி கட்டணத்தை வைத்துக்கொண்டது, ஆனால் வசூலைப் புதுச் சாலை கட்டுவதற்கு என்று திருப்பிவிட்டது. சட்டை பொருந்தியது, பை மட்டும் வேறொருவருடையது.

கட்டணத்தால் குறையவில்லை, கூடுதல் பஸ் விட்டதால்தான் குறைந்தது என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார். கூடுதல் பஸ்கள் 2005 ஆகஸ்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. கார்கள் குறைந்தது ஜனவரியில்.

ஜனவரி 9
டென்மார்க் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம், எங்கள் தொழிலில் அது திருப்பதி மாதிரி, ஒருமுறையாவது போய்வராதவர் கிடையாது.

மைண்ட்லேப் என்று ஒரு கூடம், 2002-ல் தொடங்கினார்கள், சில அமைச்சகங்கள் சேர்ந்து நடத்தின. அரசாங்கத்துக்குள்ளேயே மானுடவியல் படித்தவர்களையும் டிசைனர்களையும் உட்கார வைத்து, குடிமக்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, சோதித்து, மாற்றி என்று உலகத்துக்கே வழிகாட்டிய இடம். 2018 கடைசியில் மூடிவிட்டார்கள். டிஜிட்டல் மாற்றத்துக்கான ஒரு புதுக் குழு அந்த இடத்துக்கு வந்தது. மூடியபோது நாங்கள் எல்லோரும் ஒப்பாரி வைத்தோம், நானும் ஒரு நீளமான ஒப்பாரி எழுதினேன்.

இப்போது பார்த்தால், அழுத நேரத்தில் பக்கத்தில் நடந்ததைக் கவனிக்கவில்லை. அதே 2018-ல், ஜூலை 1 முதல், டென்மார்க்கில் புதிய மசோதா எதுவாக இருந்தாலும் ஏழு கோட்பாடுகளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று வந்தது. முதல் கோட்பாடே எளிமையான, தெளிவான விதிகள். கூடம் போனது, ஆனால் அது பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததில் கொஞ்சம் மசோதா எழுதுகிற ஆளின் மேசைக்கே போய்விட்டது. என் நகராட்சி வக்கீல் "அது விதியில் இருக்கிறது" என்றாரே, அந்த விதி பிறக்கிற இடத்துக்கு.

ஜெர்மனியும் 2023 ஜனவரியிலிருந்து இதே மாதிரி ஒரு சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது, டிஜிட்டல்செக் என்று பெயர். அதற்கு வழிகாட்டுகிறவர்கள் சட்டம் எழுதுகிற அதிகாரிகளிடம் சொல்வதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி ஓடும் என்று ஒரு படம் வரையுங்கள் என்பது. யார் யாருக்கு என்ன அனுப்புவார்கள், எங்கே காத்திருப்பார்கள், எங்கே பிரியும். வரைந்து பார்த்தால்தான் அம்புக்குறி ஒன்று எங்கேயும் போகாமல் அந்தரத்தில் தொங்குவது தெரியும். அந்த நாட்டு அதிகாரிகள் கையில் கலர் பேனா என்பதே ஒரு காட்சி.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து
"அப்போ லேப் எல்லாம் வேஸ்ட் என்கிறீர்களா?" இல்லை. மைண்ட்லேப் இல்லாவிட்டால் அந்த ஏழு வந்திருக்குமா என்பது எனக்கு நிரூபிக்கத் தெரியாத விஷயம். வந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் அழகான கூடத்தைக் கட்டி, சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒட்டி, அமைச்சர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகு, கீழ்த்தளத்தில் மசோதா பழையபடியே தட்டச்சாகிக்கொண்டிருந்த இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 10
தூக்கம் வரவில்லை. நேற்று டென்மார்க் கோட்பாடுகளைப் புகழ்ந்தது உறுத்துகிறது.

அந்த ஏழில் ஒன்று, முடிவெடுப்பதைக் கணினி தானாகச் செய்ய இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. அதற்கு விதி எளிமையாக, விதிவிலக்கு இல்லாமல் இருந்தால் சௌகரியம். விதிவிலக்கே இல்லாத விதி என்ன செய்யும் என்பதை நாங்கள் நெதர்லாந்தில் அனுபவித்துவிட்டோம். குழந்தைக் காப்பகச் செலவுக்கு அரசு கொடுக்கிற உதவித்தொகை விவகாரம். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும், பெற்றோர் கட்டவேண்டிய பங்கில் சின்னத் தொகை குறைந்தாலும், அந்த வருடத்துக்கு வாங்கிய முழுப்பணத்தையும் திருப்பிக் கொடு என்று வரித்துறை பிடித்துக்கொண்டது. பத்தாயிரக்கணக்கில் யூரோ. எல்லாம் உண்டு அல்லது எதுவும் இல்லை. வழக்கு போட்டவர்களுக்கு உச்ச நிர்வாக நீதிமன்றமும் வருடக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்து, 2019 அக்டோபரில்தான் மாற்றிக்கொண்டது. இரட்டைக் குடியுரிமைக்காரர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த கதை வேறு. 2021 ஜனவரி 15-ல் மந்திரிசபையே ராஜினாமா செய்தது. வீடு இழந்தவர்கள், குடும்பம் உடைந்தவர்கள் எல்லாம் ராஜினாமாவால் திரும்ப வரவில்லை.

அந்தப் படிவங்களை அழகாக்கியிருந்தால் நின்றிருக்குமா? நிற்காது. கையெழுத்துப் பெட்டியைப் பெரிதாக்கியிருந்தால் சில குடும்பங்கள் தப்பியிருக்கும், அவ்வளவுதான்.

எனவே நேற்றைய பேச்சில் திருத்தம்: எளிமை போதாது. தவறு தெரிந்ததும் திருகிச் சரிசெய்ய விதிக்குள் ஒரு திருகாணி வேண்டும், அதைத் திருக அதிகாரமுள்ள ஆளும் வேண்டும். அந்தப் பெற்றோர் போன் செய்தபோது எடுத்துப் பேசியவர்களிடம் இரண்டும் இல்லை.

ஜனவரி 11
சின்னச் சேர்க்கை. 2017-ல் இங்கே அரசுக்கு ஆலோசனை சொல்கிற அறிவியல் மன்றம் ஒரு அறிக்கை போட்டது, தெரிந்திருப்பது வேறு செய்து முடிப்பது வேறு என்கிற பொருளில் தலைப்பு. அதில் ஒரு டச்சுச் சொல்லைப் பிரபலமாக்கினார்கள், டூன்ஃபெர்மோஹன். நேராகச் சொன்னால் திராணி. விவாகரத்து, வேலையிழப்பு, கடன் என்று வரும்போது புத்திசாலிக்கும் திராணி போய்விடும், சட்டமோ எப்போதும் திராணியுள்ள ஆளை மனதில் வைத்தே எழுதப்படுகிறது என்று சொன்னார்கள். இப்போது புதுச் சட்டங்களுக்கு "திராணிச் சோதனை" ஒன்று இருக்கிறது. பிஸ்கட் டப்பா அம்மாவுக்குப் புத்தி குறைவில்லை, திராணி தீர்ந்திருந்தது. நான் அந்தக் கடித வேலை பார்த்தபோதே அறிக்கை வந்திருந்தால் அந்த வக்கீலின் முன்னால் விரித்து வைத்திருப்பேன்.

இங்கே இருக்கிற இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பார்த்திருக்கிறேன், அரசாங்கக் கடிதம் வந்தால் பத்து வயதுப் பிள்ளைதான் படித்து அம்மாவுக்குச் சொல்லும். திராணிச் சோதனையை யாருக்கு வைப்பது, அம்மாவுக்கா பிள்ளைக்கா?

ஜனவரி 13
சரி, கடிதத்தை விட்டு வெளியே வருவோம். சோகமாகவே போகிறது. ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன், நான் இருப்பது நைமேகனில், ரைனின் கிளையான வால் ஆறு பத்து நிமிட சைக்கிள் தூரம்.

1993-லும் 1995-லும் இந்த ஆறுகள் பொங்கின. 1995-ல் கரை உடையுமோ என்று சுமார் இரண்டரை லட்சம் பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். கரை உடையவில்லை, ஆனால் பயம் உடைந்து வெளியே வந்தது. நூற்றாண்டுகளாக இந்த நாட்டின் பதில் ஒன்றுதான், கரையை இன்னும் உயர்த்து. இந்தத் தடவை தலைகீழாக யோசித்தார்கள்: ஆற்றுக்கு இடம் விடு. திட்டத்தின் பெயரே அதுதான். 30-க்கும் மேற்பட்ட இடங்கள், சுமார் 2.3 பில்லியன் யூரோ, ரைன் நாட்டுக்குள் நுழைகிற லோபித்தில் வினாடிக்கு 15,000 கனமீட்டர் தாங்குவதை 16,000 ஆக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில். அந்தக் கொள்கையில் இலக்கு இரண்டு என்று எழுதினார்கள். ஒன்று வெள்ளப் பாதுகாப்பு. இரண்டாவது இடத்தின் தரம், அதாவது வேலை முடிந்தபோது அந்த நிலப்பரப்பு முன்பைவிட நன்றாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஆசையாக எழுதிய வரி இல்லை, இலக்கே அது. அதைப் பார்க்க ஒரு தரக் குழு, தலைமை டிர்க் சைமன்ஸ் என்கிற நிலக்காட்சி வடிவமைப்பாளர். ஒவ்வொரு இடத்துக்கும் போய், பொறியாளர்கள் போட்ட வரைபடத்தைப் பார்த்து, மாற்றச் சொல்கிற குழு. வக்கீல் எழுதி முடித்தபிறகு கூப்பிட்ட ஆட்கள் இல்லை, திட்டம் நடக்கிற காலம் முழுக்க உள்ளே இருந்தவர்கள்.

இன்னொன்று, கட்டைப்பெட்டி. உண்மையாகவே குழந்தைகள் கட்டை அடுக்கி விளையாடுகிற பெட்டியின் பெயர்தான் அந்த மென்பொருளுக்கு. ஏறக்குறைய 700 சாத்தியமான வேலைகள் அதற்குள்: இங்கே கரையைத் தள்ளு, அங்கே தோண்டு, இந்த இடத்தில் கிளை வெட்டு. நகராட்சிக்காரரும் விவசாயியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் குறையும் என்று உடனே காட்டும். "என் ஊரில் வேண்டாம்" என்கிறவர் உடனே "அப்போ எங்கே?" என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் திரையை நான் முதலில் பார்த்தபோது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது, பழைய விண்டோஸ் பொத்தான்கள். இப்போது நினைத்தால் நான் செய்த எந்த அழகான பக்கத்தைவிடவும் நல்ல டிசைன் அது.

ஜனவரி 13, தொடர்ச்சி
சாப்பிடப் போய்விட்டேன். எங்கள் ஊர்ப் பகுதி: நைமேகனுக்கு எதிர்க்கரை லென்ட். அந்த இடத்தில் ஆறு வளைந்து குறுகும். கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, பக்கத்தில் புதிதாக ஒரு கால்வாய் வெட்டி, நடுவில் தீவு உண்டாக்கினார்கள். ஐம்பது வீடுகள் வரை போயின. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், எதிர்க்காமல் இருப்பார்களா. போன வீடுகளைக் கணக்கில் சேர்க்காமல் இந்தத் திட்டத்தைப் புகழ்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அதே கால்வாயில்தான் கோடையில் பாதி ஊர் நீந்துகிறது, என் பையனும்.

ஸாலிஹே பாலம் என்று ஒன்று இருக்கிறது. நடைபாலம், வளைந்து போகும், 2016-ல் திறந்தது. தண்ணீர் ஏறினால் பாலத்தை அடையும் பாதை மூழ்கிவிடும், அப்போது வரிசையாக வைத்திருக்கிற கான்கிரீட் கட்டைகள் மட்டும் வெளியே தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். இன்னும் ஏறினால் அதுவும் போச்சு. வெள்ளம் வந்தால் ஜனங்கள் பயந்து வீட்டுக்குள் இருப்பதற்குப் பதில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு வருகிறார்கள். ஆறு ஏறுவதைக் காலால் தெரிந்துகொள்கிறார்கள். பொறியாளரிடம் மட்டும் விட்டிருந்தால் பாலத்தை இரண்டு மீட்டர் உயர்த்தியிருப்பார், வேலை முடிந்தது.

ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தின் கதை இதைவிட அருமை. சுமார் 25 வருடத்துக்கு ஒருமுறை இந்த நிலத்தில் தண்ணீர் விடுவோம் என்றார்கள். அங்கிருந்த மாட்டுப்பண்ணைக்காரர்கள் தாங்களே ஒரு யோசனையோடு வந்தார்கள்: மேடு போட்டுக் கொடுங்கள், மேலே வீடும் கொட்டகையும் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறோம். கரைகள் வருவதற்கு முன் இந்த நாட்டின் கடலோரத்தில் ஜனங்கள் பிழைத்ததே அப்படி மேடு போட்டுத்தான். கடைசியில் ஆறு மீட்டர் உயர மேடுகள் ஒன்பது. எல்லோரும் தங்கவில்லை, பாதிப்பேர் வேறிடம் போனார்கள்.

ஜனவரி 14
ஒன்பது என்று எழுதிவிட்டேன், எட்டு. விரல் தப்பு. மேடு எட்டு, பண்ணை எட்டு.

ஜனவரி 15
"அது ஆறு, அது கட்டுமானம், இதையெல்லாம் சமூகநலக் கொள்கையில் எப்படிச் செய்வாய்" என்று நியாயமான கேள்வி. ஃபின்லாந்து செய்து பார்த்தது. 2017, 2018 இரண்டு வருடம், வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ, நிபந்தனை இல்லாமல், வேலை கிடைத்தாலும் நிறுத்தாமல். அதற்கென்று தனிச் சட்டம். ஸ்டாக்ஹோம் மாதிரியே முடிவு தேதியோடு. ஆனால் சோதனை நடக்கும்போதே, 2018 ஜனவரியில், அதே அரசாங்கம், போதிய அளவு வேலையோ பயிற்சியோ செய்யாத வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகையைக் குறைக்கிற இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்து ஒப்பீட்டைக் கலக்கிவிட்டது. சாம்பார் உப்பு பார்க்கிற நேரத்தில் இன்னொருவர் வந்து புளி ஊற்றிய கதை. பணம் வாங்கியவர்களின் மனநிலை மேல் என்று தெரிந்தது, வேலைக்குப் போனது கொஞ்சம் கூடியது, அதில் எது எதனால் என்று பிரிப்பது சிரமமாகிவிட்டது.

இங்கே நெதர்லாந்தின் ஆற்றுக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டி. டெல்டா திட்டம் என்று நீர் விவகாரம் முழுவதற்கும் ஒன்று, பெரிய முடிவுகளை ஆறு வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து மாற்ற வேண்டும் என்று முறையே உண்டு. கடல்மட்டம் எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, அதனால் எந்த அடையாளத்தைப் பார்த்தால் எந்த வழிக்குத் திரும்புவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறார்கள். தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய கொள்கையை நான் வேறு துறையில் அதிகம் பார்த்ததில்லை.

ஜனவரி 18
பிஸ்கட் டப்பா அம்மா என்ன ஆனார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அந்த இரண்டு வாரக் கெடு தேசச் சட்டத்தில் இல்லை, நகராட்சியின் சொந்த விதியில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. வக்கீலும் என்னோடு சேர்ந்து தேடினார், அவரை வில்லனாக்கியது என் தவறு. மன்றக் கூட்டம் இரண்டு, நடுவில் ஒரு தேர்தல், மொத்தம் பதினான்கு மாதம். கெடு "அடுத்த மாதம் பத்தாம் தேதி" என்று மாறியது. என் கடிதத்தில் மாறியது ஒரே ஒரு வரி. அந்தத் தடவை யாரும் கேக் வாங்கவில்லை, நானே வாங்கிக்கொண்டு போய் வக்கீலுக்கு ஒரு துண்டு கொடுத்தேன்.

அந்த அம்மாவை அப்புறம் ஒருமுறை சந்தையில் பார்த்தேன். உறைகளைப் பிரிக்கிறீர்களா என்று கேட்டேன். உங்களுடையதை மட்டும், என்றார்.

ஜனவரி 18, இரவு
தம்பி, இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு எனக்கு ஒரு கூட்டம். பொருள்: புதுத் திட்டத்துக்கு லோகோ. சிரிக்க வேண்டாம்.